வீட்டு ஒயரிங்கில் மீட்டர் பிடிக்கும் பிள்ளைகளுக்கு

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒயரிங் வேலைக்கு வரும் பிள்ளைகளின் பையில் இப்போது நல்ல மீட்டர் இருக்கிறது. எண்ணைப் படிக்கவும் தெரிகிறது. அந்த எண் எதைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். மீட்டர் ஒவ்வொரு முறையும் சர்க்யூட்டிடம் ஒரு கேள்வி கேட்கிறது. எவ்வளவு கரண்ட் விட்டுக் கேட்டது, எந்த சுவிட்ச் போட்டிருந்தது, என்ன லோடு ஓடியது, சுவர் ஈரமாக இருந்ததா, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கேள்வி. கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் எழுதிக்கொண்டு போனால், அதை நம்பி ஒரு குடும்பம் ஈரக் கையோடு கீசரைத் தொடும். அதனால் சில விஷயங்களை விரிவாகவே சொல்கிறேன். வேலை பழகும் வரை, கரண்ட் உள்ள இடத்தில் அளப்பதெல்லாம் ஒயர்மேன் சான்றிதழ் உள்ள பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

1. மீட்டர் பூஜ்யம் காட்டியதும் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பேட்டரி தீர்ந்திருக்கலாம். புரோப் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். குமிழ் டி.சி. பக்கம் நின்றிருக்கலாம். கரண்ட் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில் வையுங்கள். பிறகு மறுபடியும் பழைய இடத்துக்கு வந்து பாருங்கள். அங்கே திரும்பவும் சரியாகக் காட்டினால்தான் நடுவில் பார்த்த பூஜ்யத்தை நம்பலாம். மெயினை இறக்கியாகிவிட்டது என்பது போதாது. பல வீடுகளில் இன்று இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயின் போன அடுத்த நொடியே அது விளக்கு சர்க்யூட்டுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். மாடியில் சோலார் இருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டரின் மேல் கேட் 3 (CAT III) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாத மலிவான மீட்டரை டி.பி.க்குள் கொண்டுபோகக் கூடாது.

2. நியான் டெஸ்டர் உங்கள் உடம்பையும் சர்க்யூட்டில் சேர்த்துக்கொண்டுதான் எரிகிறது. காய்ந்த மர ஸ்டூல் மேல் ரப்பர் செருப்போடு நின்றால் ஃபேஸிலும் மங்கலாகத்தான் தெரியும். வெயில் அடிக்கும் வாசலில் எரிவதே கண்ணுக்குப் படாது. ஆகவே டெஸ்டர் எரியவில்லை என்பது ஒருநாளும் சான்று ஆகாது. ஆனால் அது ஒரு விஷயத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை என்றால், நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஃபேஸ் ஃபேன் வழியாகப் போய், திரும்ப வழியில்லாமல் நியூட்ரல் கம்பியில் நிற்கிறது. ‘டபுள் ஃபேஸ் வருகிறது’ என்று வீட்டுக்காரர் சொன்னால் இதைத்தான் முதலில் நினையுங்கள்.

3. சுவிட்சை அணைத்த பிறகும் டிஜிட்டல் மீட்டர் 40, 60, சில சமயம் 90 வோல்ட் காட்டும். சுவிட்ச் லீக் ஆகிறது என்று எண்ணி மாற்ற வேண்டாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். ஒரே பைப்பில் பக்கத்தில் ஓடும் ஃபேஸ் ஒயரிலிருந்து கெப்பாசிட்டன்ஸ் மூலம் தொற்றுகிற மைக்ரோ ஆம்பியர் கணக்கான கரண்டே அந்த எண்ணைக் காட்டப் போதும். அதே இடத்தில் ஒரு டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள், அல்லது மீட்டரில் குறைந்த உள்தடை நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வோல்டேஜ் விழுந்து பூஜ்யத்துக்கு வந்தால் அது தொற்று. விழாமல் நின்றால் உண்மையான இணைப்பு எங்கோ இருக்கிறது, தேட வேண்டும். அணைத்த எல்.இ.டி. பல்பு இரவில் மினுக்கு மினுக்கென்று எரிவதற்கும் பல வீடுகளில் இந்தத் தொற்றுதான் காரணம். இன்னொரு காரணம் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருப்பது. அப்படி இருந்தால் சும்மா விட்டுவரக் கூடாது. அணைத்த பல்பின் ஹோல்டரில் ஃபேஸ் உட்கார்ந்திருக்கும்.

4. பிளக் பாயின்ட்டில் ஒரு அளவு எடுத்தால் போதாது, மூன்று எடுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். நம் மூன்று ஓட்டை சாக்கெட்டில் எதிரே நின்று பார்த்தால் மேலே எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் அவை ஒன்றையொன்று விளக்கும்.

230, 230, 2 என்று வந்தால் வழக்கமான நிலை. கடைசி எண் 230 ஆகவும் நடு எண் 2 ஆகவும் வந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. முதல் எண் 230, மற்ற இரண்டும் 80, 110, 130 என்று நிலையில்லாமல் அலைந்தால் எர்த் எங்கும் போய்ச் சேரவில்லை, காற்றில் தொங்குகிறது. கம்ப்யூட்டர் சொருகியிருக்கும் போர்டில் இந்த இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாக, 115 பக்கத்தில் நிற்கும். அதன் பவர் சப்ளைக்குள் இருக்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் எர்த்தை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தூக்கி நிறுத்துகின்றன. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

இவற்றைவிட நான் அதிகம் பயப்படுவது பார்க்க மிக அழகாக இருக்கும் ஓர் அளவுக்குத்தான்: 230, 230, 0. கடைசி எண் பூஜ்யம் புள்ளி பூஜ்யம். எர்த் ஒயர் இழுக்கச் சோம்பிய யாரோ போர்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்குக் கொடுத்திருந்தால் இப்படித்தான் வரும். அந்த நியூட்ரல் ஒருநாள் மேலே எங்காவது அறுந்தால், வாஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே சர்க்யூட்டில் அயர்ன் பாக்ஸையோ ஹீட்டரையோ ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மறுபடியும் அளந்து பாருங்கள். எர்த் உண்மையானதாக, தனி ஒயராக வந்திருந்தால், லோடு கரண்ட் நியூட்ரலில் ஓடும்போது அந்த எண் ஒன்றிரண்டு வோல்ட்டாவது ஏறும். லோடு போட்டும் அசையாமல் பூஜ்யத்தில் நின்றால் போர்டைக் கழற்றிப் பாருங்கள்.

5. எர்த் நன்றாக இருக்கிறதா என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது ஊரெங்கும் உள்ள பழக்கம். பல்பு பளிச்சென்று எரிந்தால் ‘எர்த் சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வாட் குண்டு பல்பின் சூடான தடை ஏறக்குறைய 530 ஓம். எர்த் குழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அது மிக மோசமான குழி. இரண்டும் தொடரில் இருக்கும்போது ஓடும் கரண்ட் 0.4 ஆம்பியர். பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும். பக்கத்தில் இன்னொரு பல்பை எரியவிட்டு ஒப்பிட்டாலொழிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கீசரின் உள்ளே காயில் பழுதாகி ஃபேஸ் உடம்பில் பட்டால், அந்த 50 ஓம் குழி வழியே ஓடப்போவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு இருக்கும். கீசரின் உடம்பில் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் நிற்கும்.

வோல்ட் மீட்டர் இன்னும் ஏமாற்றும். 10 மெகா ஓம் மீட்டர் இழுப்பது 23 மைக்ரோ ஆம்பியர். ஈரச் சுவரில் செருகிய ஒரு ஆணிகூட அதைக் கொடுத்து 200 வோல்ட்டுக்கு மேல் காட்டிவிடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறது என்றால் எர்த் முனைக்கும் பூமிக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அந்த வழி எவ்வளவு அகலம் என்று அது சொல்லவில்லை.

லேம்ப் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எர்த் ஒயர் மேலே அறுந்திருந்தால், நீங்கள் பல்பு வழியாகக் கொடுக்கும் ஃபேஸ் அந்த ஒயரோடு இணைந்த எல்லாச் சாமான்களின் உடம்பிலும் ஏறும். பல்பு எரியாது, நீங்கள் யோசித்துக்கொண்டு நிற்பீர்கள், அந்த நேரம் பார்த்து அடுப்படியில் யாராவது கிரைண்டரைத் தொடுவார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எர்த் லூப் டெஸ்டர் இருக்கிறது, எர்த் டெஸ்டர் இருக்கிறது. சொந்தமாக வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

6. லூப் டெஸ்டர் கொடுக்கும் எண்ணை எம்.சி.பி.யோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தனியாக அதற்கு அர்த்தம் இல்லை. சி வகை எம்.சி.பி. உடனடியாக இறங்குவதற்கு அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்ட் வேண்டும். 16 ஆம்பியர் என்றால் 160 வரை போனால்தான் நிச்சயம். 230-ஐ 160-ஆல் வகுத்தால் 1.44 ஓம். லூப் அதற்குள் இருந்தால்தான் எர்த் ஃபால்ட்டில் எம்.சி.பி.யை நம்பலாம். பி வகை என்றால் 3 முதல் 5 மடங்கு, அதற்கு 2.87 ஓம் வரை போகலாம்.

நம்மூரில் பெரும்பாலான தனி வீடுகளுக்கு எர்த் என்பது அந்த வீட்டின் சொந்தக் குழிதான். வீட்டுக் குழி 4 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கக் குழி 2 ஓம் என்றால் இரண்டுமே நல்ல குழிகள். ஆனாலும் லூப் 6 ஓம், ஃபால்ட் கரண்ட் 38 ஆம்பியர். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. சூட்டினால் இறங்க சில விநாடியும் ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். அதுவரை தொடும் இடத்தில் 150 வோல்ட் இருக்கும். 32 ஆம்பியர் போட்டிருந்தால் உயிர் போகிற நேரத்துக்குள் இறங்கவே இறங்காது. குழி எவ்வளவு நன்றாகத் தோண்டினாலும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த வீடுகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், உடம்பில் 50 வோல்ட் ஏறுவதற்குள் இறங்க 1,667 ஓம் குழிகூடப் போதும் என்று கணக்கு சொல்லும். அதற்காகக் குழியை அலட்சியம் செய்யாதீர்கள். ஆர்.சி.சி.பி. ஓர் இயந்திரம், ஒருநாள் சிக்கிக்கொள்ளலாம்.

7. எர்த் குழியை அளக்கும்போது வீட்டுக்குப் போகும் எர்த் ஒயரைக் குழியின் முனையிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய், போர்வெல் மோட்டார் எல்லாம் சேர்ந்து நல்ல எண்ணைக் காட்டிவிடும். கழற்றும் முன் மெயினை இறக்குங்கள், மாட்டிய பிறகுதான் ஏற்றுங்கள். கரண்ட் முளையை எவ்வளவு தூரத்தில் அடித்தீர்களோ அதில் 62 சதவீதத்தில் வோல்டேஜ் முளையை அடிப்பது வழக்கம். அங்கே ஒரு அளவு எடுத்துவிட்டு, முளையைச் சற்று முன்னும் பின்னும் மாற்றி அடித்து மறுபடியும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முளைகள் குழிக்கு மிக நெருக்கம், தூரம் தள்ள வேண்டும். ஐப்பசி மழையில் அளந்த எண் சித்திரையில் இருக்காது. எந்த மாதத்து அளவு என்று பக்கத்தில் எழுதாத எர்த் அளவை நான் மதிப்பதில்லை.

8. லோடு இல்லாமல் பார்த்த வோல்டேஜ் ஒயரிங்கைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லாது. ஒரே ஒரு இழையில் தொங்கும் ஜாயின்ட்டும் லோடு இல்லாதபோது 232 வோல்ட் காட்டும். லோடு போட்டுப் பாருங்கள்.

ஓர் உதாரணம். கீசர் பாயின்ட்டில் சும்மா இருக்கும்போது 232. 2 கிலோவாட் கீசரைப் போட்டதும் 218. கரண்ட் 8.2 ஆம்பியர். 14 வோல்ட் எங்கே போனது? பாதிப் பேர் ‘ஈ.பி. லைன் லோ’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அதே லோடு ஓடும்போது மெயின் போர்டில் அளக்க வேண்டும். அங்கே 232 இருந்தது 229 ஆனால், வெளியிலிருந்து வந்த இறக்கம் 3 வோல்ட் மட்டும். மிச்சம் 11 வோல்ட் வீட்டுக்குள்ளேயே விழுகிறது. டி.பி.யிலிருந்து கீசருக்கு 20 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர். போக வர 40 மீட்டருக்குத் தடை சுமார் 0.32 ஓம். 8.2 ஆம்பியருக்கு 2.6 வோல்ட். இது நியாயமான இறக்கம். இன்னும் 8 வோல்ட்டுக்கு மேல் கணக்கில் வராமல் நிற்கிறது. அது ஏதோ ஓர் இடத்தில், பெரும்பாலும் ஒரே ஒரு திருகிலோ ஜாயின்ட்டிலோ விழுகிறது. 8.4 வோல்ட்டை 8.2 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 70 வாட். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல் இரண்டு மூன்றை சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடியதாக நினைத்துப் பாருங்கள். தீ பிடிப்பது இப்படித்தான். எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 8.2 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இறக்கத்துக்கு 5 சதவீதம், அதாவது 11.5 வோல்ட் வரை அனுமதி உண்டு என்று படித்திருப்பீர்கள். விளக்குகளுக்கு 3 சதவீதம். அந்த எல்லை சாமான் ஒழுங்காக ஓடுவதற்கானது. மேலே சொன்ன கீசரில் வீட்டுக்குள் விழுந்தது 11 வோல்ட், எல்லைக்குள்தான். ஆனாலும் அங்கே ஒரு ஜாயின்ட் வெந்துகொண்டிருக்கிறது. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. ஒயரின் நீளத்துக்கும் கனத்துக்கும் எவ்வளவு விழ வேண்டும் என்று மனதில் கணக்குப் போட்டு, அதைவிட மிஞ்சியது எவ்வளவு என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் பாதி ஒயர்மேன் ஆகிவிட்டீர்கள்.

சந்தேகப்படும் இடத்தைத் தேட, லோடு ஓடும்போதே ஃபேஸ் பாதையில் டி.பி. முனைக்கும் சுவிட்சின் உள் முனைக்கும், பிறகு சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். நல்ல சுவிட்சில் மில்லி வோல்ட் கணக்கில்தான் இருக்கும். ஒரு வோல்ட் காட்டினால் அதைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கறுத்திருக்கும்.

9. மீட்டரின் பஸ்ஸர் ‘கீ’ என்று கத்தினால் கன்டினியூட்டி ஓகே என்று எழுதிவிடுகிறார்கள். பல மீட்டர்களில் 30, 50 ஓம் இருந்தாலும் பஸ்ஸர் கத்தும். எர்த் ஒயருக்கு அது எந்த விதத்திலும் சான்று ஆகாது. எண்ணைப் பாருங்கள். புரோப்புகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு, வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 7.5 முதல் 8 மில்லி ஓம், 1.5 என்றால் 12 முதல் 13. இந்த நாலு எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும். சாதாரண மல்டிமீட்டர் மிகச் சிறிய கரண்ட் விட்டு அளக்கிறது, துருப்பிடித்த திருகில் அதன் பதில் ஆட்டம் காணும். 200 மில்லி ஆம்பியர் விட்டு அளக்கும் கருவி கிடைத்தால் எர்த்துக்கு அதையே பயன்படுத்துங்கள்.

10. மெக்கர். இன்சுலேஷன் டெஸ்டருக்கு நாம் எல்லோரும் சொல்லும் இந்தப் பெயர் ஒரு கம்பெனியின் பெயர், 1903-லிருந்து பதிவில் உள்ளது. வீட்டு ஒயரிங்குக்கு 500 வோல்ட் டி.சி. குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். பழைய ஐ.எஸ். 732 புத்தகத்தில் 50-ஐப் பாயின்ட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லியிருக்கும். பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள், மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் விடாதீர்கள்.

மெயின் இறங்கியிருக்க வேண்டும், இன்வெர்ட்டர் அணைந்து அதன் ஒயர் கழன்றிருக்க வேண்டும், பிளக்குகள், எல்.இ.டி. பல்புகள், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும், சுவிட்சுகள் எல்லாம் ஆன் ஆகியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறக்கிறவர்கள்தான் அதிகம். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் சுவிட்சுக்கு அப்பால் உள்ள ஒயரை மெக்கர் பார்க்கவே இல்லை. பிறகு ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டி எர்த்துக்கு எதிராக அளந்தால், எதையாவது கழற்ற மறந்திருந்தாலும் அதன் குறுக்கே 500 வோல்ட் ஏறாது. டி.பி.யில் சர்ஜ் காக்கும் கருவி இருந்தால் அதையும் கழற்றுங்கள். 500 வோல்ட்டில் அது தன் வேலையைச் செய்து கரண்டைக் கடத்தும், நீங்கள் ஒயர் போய்விட்டது என்று சுவரை உடைப்பீர்கள்.

எண்ணைப் படிப்பது எப்படி? வீடு முழுவதும் சேர்த்து 2 மெகா ஓம், பாஸ் என்று எழுதலாம். ஆனால் எட்டு சர்க்யூட்டும் தலா 16 இருந்தாலும் மொத்தம் 2 தான். ஏழு சர்க்யூட் தலா 100 ஆகவும் ஒன்று மட்டும் 2.3 ஆகவும் இருந்தாலும் மொத்தம் 2 தான். முதல் வீடு சீராக வயதாகிறது. இரண்டாவது வீட்டில் ஒரு பைப்பில் தண்ணீர் நிற்கிறது, அல்லது ஒரு பெட்டித் திருகு ஒயர்த் தோலைக் கீறியிருக்கிறது. பிரித்து அளந்தால்தான் தெரியும். அளவின் போக்கையும் பாருங்கள். பங்குனியில் 40 இருந்து ஐப்பசியில் 3 ஆகி, மறு பங்குனியில் திரும்ப 40 ஆனால் அது ஈரம், மாடித் தளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். 40, 15, 4 என்று வருடா வருடம் இறங்கிக்கொண்டே போனால் ஒயரை மாற்றும் காலம். அளந்து முடிந்ததும் சர்க்யூட்டை டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதீர்கள்.

11. ஆர்.சி.சி.பி. அடிக்கடி இறங்குகிறது, மெக்கரில் 0.6 மெகா ஓம் வந்தது, அதுதான் காரணம் என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது. 0.6 மெகா ஓமில் 230 வோல்ட்டுக்குக் கசிவது அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு. 30 மில்லி ஆம்பியர் கசிய, தடை 8 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அந்த 0.6-ஐயும் சரிசெய்ய வேண்டும்தான், ஆனால் ஆர்.சி.சி.பி.யை இறக்கும் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும், அளக்கும்போது நீங்கள் வெளியே எடுத்துவைத்த சாமான்களில் ஒன்றாக இருக்கும். அவற்றையும் ஒவ்வொன்றாக மெக்கரில் பாருங்கள். சில கீசர் காயில்கள் குளிர்ந்திருக்கும்போது நல்ல எண் காட்டிவிட்டு, சூடானதும் கசியும். பத்து நிமிடம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சூட்டோடு அளக்க வேண்டும்.

எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கியும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் நியூட்ரலைப் பாருங்கள். ஒற்றைத் துருவ எம்.சி.பி. நியூட்ரலை வெட்டாது. எங்காவது நியூட்ரல் எர்த்தில் பட்டிருந்தால் எம்.சி.பி.யை இறக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. மெயினை இறக்கிவிட்டு நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றி எர்த்துக்கு எதிராக அளந்தால் அது பிடிபடும். ஒரு குறிப்பிட்ட விளக்கைப் போடும்போது மட்டும் இறங்கினால், அந்த விளக்கின் நியூட்ரல் ஆர்.சி.சி.பி.க்கு வெளியே உள்ள வேறு சர்க்யூட்டில் கடன் வாங்கப்பட்டிருக்கும். இன்வெர்ட்டர் பிறகு மாட்டிய வீடுகளில் இது சர்வசாதாரணம்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இறங்குகிறது என்பது உள்ளே இயந்திரம் அசைகிறது என்பதற்கு மட்டும் சான்று. எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டன் வேலை செய்யும். கருவி வைத்துப் பார்த்தால், 15 மில்லி ஆம்பியரில் இறங்காமல் நின்று, 30-ல் 300 மில்லி விநாடிக்குள் இறங்கி, 150-ல் 40 மில்லி விநாடிக்குள் இறங்க வேண்டும். கரண்டை மெல்ல ஏற்றிப் பார்க்கும்போது 12-லேயே இறங்கினால் ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிப்போடாதீர்கள். அதிலிருந்து வெளியே போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். அப்போது 22 வந்தால் அது நல்ல கருவி, வீடுதான் ஏற்கெனவே 10 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்துகொண்டிருக்கிறது.

12. டாங் டெஸ்டரில் ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், அதுதான் சரி. லோடு பார்க்க ஒரு ஒயரை மட்டும் பிடியுங்கள். கசிவு பார்க்க இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், ஆனால் மில்லி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டர் வேண்டும். எர்த் ஒயரை மட்டும் பிடித்து அதில் ஓர் ஆம்பியர் ஓடினால் எங்கோ நியூட்ரல் எர்த்தில் கலந்திருக்கிறது.

13. த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒரு அறையில் 300 வோல்ட், இன்னொரு அறையில் 115 என்று கண்டால் வேறு எதையும் அளக்க நிற்காதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். பொது நியூட்ரல் போய்விட்டது. இரண்டு ஃபேஸில் இருக்கும் லோடுகள் 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. லோடு குறைவாக உள்ள பக்கம் வோல்டேஜ் ஏறும், டி.வி.யும் ஃபிரிட்ஜும் அந்தப் பக்கம்தான் இருக்கும். புயல் காற்று அடித்த மறுநாள் தெருவில் இது நடக்கும். மீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ளதில் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை, ஈ.பி.க்குச் சொல்லுங்கள். பக்கத்து வீடுகளிலும் மெயினை இறக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

14. அளவை நோட்டில் எழுதும்போது நிலையையும் எழுதுங்கள். ‘கீசர் 218’ என்பது குறிப்பு ஆகாது. ‘கீசர் பாயின்ட், லோடு 8.2 ஆம்பியர், மெயினில் 229, பாயின்ட்டில் 218, மாலை 6 மணி’ என்பது குறிப்பு. அடுத்த வருடம் வேறு ஒருவர் வந்தாலும் அதை வைத்து ஒப்பிட முடியும். டி.பி. மூடியின் உள்பக்கம் ஒரு பிரதி ஒட்டுங்கள்.

15. வீட்டம்மா கேட்பார்: “இன்னும் ஒரு மாசம் ஓடுமா தம்பி?” செலவுக்குப் பயந்து கேட்கிறார், அந்தப் பயம் நியாயமானது. அளவைக் காட்டி, எது காத்திருக்கலாம், எது காத்திருக்க முடியாது என்று பிரித்துச் சொல்லுங்கள். மெக்கரில் 3 மெகா ஓம் வந்த விளக்கு சர்க்யூட் மழைக்காலம் முடியும் வரை காத்திருக்கும். ஒரு திருகில் 8 வோல்ட் விழும் பவர் பாயின்ட்டை அன்றே முறுக்கிவிட்டு, மறுபடியும் லோடு போட்டு அளந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எர்த் தொங்கும் வீட்டில், ஆர்.சி.சி.பி.யும் இல்லையென்றால், கீசர், வாஷிங் மெஷின், மோட்டார் மூன்றின் சர்க்யூட்டையும் இறக்கி, ஒயரை டி.பி.யிலிருந்து கழற்றி டேப் சுற்றி, ஏன் கழற்றினோம் என்று ஒரு சீட்டில் எழுதி அங்கேயே கட்டிவிடுங்கள். திட்டு வாங்குவீர்கள், பரவாயில்லை. மறுநாள் காலை எர்த் ஒயரோடும் ஆர்.சி.சி.பி.யோடும் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.